அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

எனக்குக் கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் சிலர் 'ஐயோ பாவம்' என்று ஆரம்பித்துவிடுவார்கள், அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆவடி சேக்காட்டில் குடியிருக்கிறேன். பூந்தமல்லி தாண்டி ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர். இலக்கணம் நடத்துகிறேன். நடத்தினேன் என்று எழுத வேண்டும், கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

நடத்துவதைவிடக் கேள்வித்தாள் எடுப்பதுதான் எனக்கு உயிர். மனப்பாடம் செய்துவிட்டு வந்து கொட்டுகிற பிள்ளைகளுக்கு என் தாளில் பருப்பு வேகாது. பஸ்ஸில் எழுதியிருக்கும் விளம்பரம், கறிக்கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை என்று எங்கிருந்தாவது, யாரையாவது படிக்கச் சொல்லி, ஒரு வாக்கியத்தைப் பிடித்துவந்து, இதில் என்ன புணர்ச்சி, ஏன் இங்கே ஒற்று மிகவில்லை என்று கேட்பேன். யோசித்தால்தான் விடை வரும். பல்கலைக்கழகப் பேருந்தில் நான் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் பையன்கள் பேசிக்கொள்வார்கள்.

"இந்த வாட்டி இலக்கணம் யாருடா பேப்பரு?"

"அந்தாளுதான்."

"செத்தோம்டா மச்சான். அந்தாளு கேள்வி எடுத்தா அரியர் கன்ஃபார்ம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். அவர்கள் என்னைத் திட்டும்போது கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மற்ற வாத்தியார்களை எப்படித் திட்டுவார்களோ அப்படியே என்னையும் திட்டுவார்கள். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று கண்ணுள்ளவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்? என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்லாசிரியர் விருது அந்தத் திட்டுதான்.

தாளை நானேதான் தட்டச்சு செய்வேன். திரைவாசிப்பான் என்று ஒரு மென்பொருள் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். அதில் ஒரு தமிழ்க் குரலையும் சேர்த்துவிட்டால், நான் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் சொல்லும். லகரமா ளகரமா என்று சந்தேகம் வந்தால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும். நான் அதை ஹெட்ஃபோனில் அதிவேகத்தில் வைத்துக் கேட்பேன், வெளியேயும் கொஞ்சம் கசியும். அடுத்த மேஜைக்காரர், "என்ன சார் இது, எண்ணெயில பஜ்ஜி போட்ட மாதிரி சத்தம்?" என்று கிண்டல் செய்வார். அந்தப் பஜ்ஜிச் சத்தம்தான் எனக்குப் பேனாவும் பேப்பரும்.

அதைப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் கம்ப்யூட்டர் மெக்கானிக். பாரிவாக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. ஒவ்வொரு துறையாகப் போய் ரிப்பேர் பார்ப்பது அவர் வேலை. எங்கள் பக்கம் வந்தால் என் மேஜையைத் தட்டி, "இன்னா சார், உங்காளு பேசுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

போன வருடம் கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது உங்காளு பேசவில்லை.

பல்கலைக்கழகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாட்டை விடுமுறையிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். பிரதானக் கட்டடத்தின் மேல்மாடியில் கணினி மையம் இருக்கிறது. அங்கிருந்து ஒரே அச்சில் வார்த்தது போல எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரே சரக்கை இறக்குகிறார்கள். அதில் இல்லாத எதையும் நாம் போட முடியாது. தப்பித் தவறிப் போட்டாலும், கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டால் எல்லாம் துடைக்கப்பட்டு அன்றுதான் பிறந்த குழந்தை மாதிரி வந்து நிற்கும். கோப்புகளை மட்டும் மையச் சேமிப்பில் வைத்துக்கொள்ளலாம், அவை அழியாது. பென்டிரைவ் வேலை செய்யாது. வைரஸ் போயிற்று, பையன்கள் கேம் ஆடுவது போயிற்று என்று எல்லோருக்கும் ஏக சந்தோஷம். அதோடு சேர்ந்து என் குரலும் போயிற்று.

கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரும் ஆங்கில வாசிப்பான் ஒன்று இருந்தது. அதை வைத்து உள்ளே நுழையலாம், மெயில் பார்க்கலாம். தமிழைக் கண்டால் மட்டும் அதற்கு வாய் அடைத்துவிடும். ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் இருந்தாலும் காலிப் பக்கம் மாதிரி கடந்து போய்விடும். தமிழ்த்துறையில் தமிழ் வாத்தியாருக்குத் தமிழ் படிக்காத கம்ப்யூட்டர். கொடுமைடா சாமி!

"உங்க லேப்டாப்லயே வேலை பாருங்களேன் சார்" என்று பலரும் சொன்னார்கள். பாடக்குறிப்பு, வருகைக் கணக்கு எல்லாம் அப்படித்தான் சமாளித்தேன். கேள்வித்தாளுக்கு அது நடக்காது. சொந்த லேப்டாப்பில் கேள்வித்தாள் அடிக்கக் கூடாது, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும், எடுப்பவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் அது படக் கூடாது. வெளியே கசிந்துவிடும் என்ற பயத்தில் போட்ட விதி, நியாயமான விதிதான். அதனால் என் மேஜைமேல் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் தமிழ் பேசினால் நான் கேள்வித்தாள் எடுக்கலாம், பேசாவிட்டால் முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார்.

"சார், நம்ம கைல ஒண்ணும் இல்ல சார். பாஸ்வேர்டெல்லாம் புடுங்கிக்கினாங்க. எல்லாம் மேல கீது. நான் இப்ப வெறும் ஒயர் மாட்றவன்."

மேலே போனேன். கணினி மையத்தின் இயக்குநர் மரியாதையான மனிதர். நாற்காலியை இழுத்து என் கையை அதில் வைத்தார், டீ சொன்னார். பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"சார், உங்க பிரச்சினை எனக்குப் புரியுது. ஆனா ஒருத்தருக்காக ஸ்டாண்டர்டை மாத்தினா, நாளைக்கு எல்லாரும் எனக்கு இது வேணும் அது வேணும்னு வந்து நிப்பாங்க."

"எல்லாரும் எப்படி சார் வருவாங்க? இந்த யுனிவர்சிட்டியில வாத்தியார்ல கண்ணு தெரியாதவன் நான் ஒருத்தன்தான்."

"அதான் சார் நானும் சொல்றேன். ஒரே ஒருத்தருக்காக எப்படி மாத்துறது?"

நிறைய பேர் கேட்டால் கூட்டம், ஒருவன் கேட்டால் ஒருவன். டீயைக் குடித்துவிட்டு, "சரிங்க, நான் என்ன செய்யணும்?" என்றேன். "டிக்கெட் போடுங்க சார், புராசஸ்ல எடுத்துப்போம்" என்றார். டிக்கெட் என்றால் இணையத்தில் பதியும் புகார்.

போட்டேன். மேலே இருந்தபடியே யாரோ என் திரையை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆங்கில வாசிப்பான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. திரைவாசிப்பான் நல்ல நிலையில் இயங்குகிறது, புகார் தீர்க்கப்பட்டது என்று மெயில் வந்தது. அதை எனக்குப் படித்துக் காட்டியதும் அந்த ஆங்கிலக் குரல்தான். மறுபடி போட்டேன், தமிழ் என்று தெளிவாக எழுதிப் போட்டேன். தமிழ் எழுத்துரு சரியாகத் தெரிகிறது, புகார் தீர்க்கப்பட்டது. அடுத்த தடவை, எனக்குக் கண் தெரியாது என்பதையே முதல் வரியாக எழுதினேன். அந்தப் புகாரை மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குழு ரொம்பச் சுறுசுறுப்பாக வேலை செய்தது. எங்கள் துறை வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளம் கட்டினார்கள். எனக்குக் கால் இரண்டும் திடமாக இருக்கிறது, அந்த மூன்று படிகளை ஓடியே ஏறுவேன். சாய்தளம் தேவையானதுதான், நாளைக்கு யாருக்காவது உதவும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ரிப்பன் வெட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதன் நடுவில் நிறுத்தினார்கள். புகைப்படக்காரர், "சார், கேமராவைப் பாருங்க" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். குழுத் தலைவரிடம் அங்கேயே தமிழ்க் குரலைப் பற்றிக் கேட்டேன். "அது ஐடி சைடு சார், டிக்கெட் போடுங்க" என்றார்.

செமஸ்டர் கேள்வித்தாள் கொடுக்க வேண்டிய காலம் நெருங்கியது. ஒரு நாள் மெக்கானிக் வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குரலை ரொம்பத் தாழ்த்தினார்.

"சார், உங்க டிபார்ட்மெண்டுக்குப் புது பிரிண்டர் வந்துகீது. அத்த இன்ஸ்டால் பண்ண மேல ஒரு பாஸ்வேர்டு குடுத்துகிறாங்க. ஒரு தபாதான் செல்லும். அதுலயே உங்காள உள்ள தள்ளிடறேன். ஆனா ஒண்ணு, ஆஃப் பண்ணிட்டா எல்லாம் பூடும். ஆஃப் பண்ணாத வெச்சிக்கினா பேசிக்கினே இருக்கும்."

"உங்களுக்கு ஏதும் பிரச்சினை வராதா?"

"வந்தா வருது வுடுங்க சார். பிரிண்டர்னு சொல்லிக்கலாம்."

பிரிண்டரோடு பிரிண்டராகக் குரலும் உள்ளே போனது. தமிழில் முதல் வார்த்தையைக் கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மேஜையில் கை வைத்துக்கொண்டு அழுதேன். மெக்கானிக், "இன்னா சார் நீங்க, சின்னப்புள்ளையாட்டம்" என்று சொல்லிவிட்டு அவசரமாக எழுந்து போனார்.

அன்றிலிருந்து எங்கள் துறைக்கு ஒரு புதுக் கட்டளை வந்தது. என் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கக் கூடாது. பொத்தானின் மேல் டேப் ஒட்டினோம். "அணைக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்தார் பஜ்ஜிக் கிண்டல்காரர். மின்சாரம் போனால் தாங்குவதற்கு யூபிஎஸ் இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டரை அணைப்பார்கள், என்னுடையது மட்டும் விசிறி முனகிக்கொண்டே இருக்கும். துறைத்தலைவி, "உங்க மெஷின் தூங்கவே தூங்காதா சார்?" என்பார். நல்ல மனுஷி. வீட்டில் எது செய்தாலும் எனக்கு ஒரு டப்பா வரும்.

நானும் கேள்வித்தாளில் இறங்கினேன். பல மாதங்களாக மனசுக்குள்ளேயே போட்டு வைத்திருந்த கேள்விகள். பகுதி அ முடிந்தது, பகுதி ஆ முடிந்தது. குத்தம்பாக்கம் போகிற பேருந்தின் நடத்துநர் பேசியதை வைத்து ஒரு கேள்வி எடுத்திருந்தேன், அதை நினைத்து நானே சிரித்துக்கொள்வேன். பையன்கள் என்னை எப்படியெல்லாம் திட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். பெரிய வினாக்கள் மட்டும் பாக்கி.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள், எல்லா அலுவலகங்களையும் போல எங்கள் துறையிலும் மதியம் பூஜை. நான் வகுப்பு முடித்துவிட்டு வந்தேன். வாசலில் வாழைக்கன்று முகத்தில் உரசியது. உள்ளே சந்தனம், சாம்பிராணி, பூசணிக்காய் உடைத்த வாசனை. என் கையில் பொட்டலமாகப் பொரி கடலையை வைத்தார் துறைத்தலைவி.

"வாங்க சார், உங்க மெஷினுக்குத்தான் முதல் பொட்டு. நானே தொடைச்சு வச்சேன்."

நான் மேஜைக்குப் போனேன். திரையின் ஓரத்தில் சந்தனம் ஈரமாகக் கையில் ஒட்டியது. கீபோர்டின்மேல் பூ. சுற்றிலும் பேச்சும் சிரிப்பும். அதற்கு நடுவில் விசிறிச் சத்தத்தைத் தேடினேன். இல்லை.

"யாரு ஆஃப் பண்ணது?"



"ஈரத்துணி போட்டுத் தொடைக்கும்போது ஷாக் அடிச்சிடக் கூடாதேன்னு... நான்தான் சார்" என்றார் துறைத்தலைவி. "டேப்பைக்கூடப் பத்திரமா எடுத்து, திரும்ப ஒட்டிட்டேனே."

ஒட்டித்தான் இருந்தார். தடவிப் பார்த்தேன், சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டியிருந்தார். சாமிக்கு வைக்கிற பொருளைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில், அணைக்கக் கூடாது என்பதை அந்த நேரத்துக்கு மறந்துவிட்டார். எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒருவருக்கும் என்மேல் துளி வன்மம் கிடையாது. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஆனாலும் கத்தினேன். "எழுதி ஒட்டியிருக்கே மேடம், கண்ணு தெரிஞ்சவங்கதானே நீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் அழுதுவிட்டார். நாலு பேர் ஓடிப்போய் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். பூஜை போட்ட கருவியை அன்றைக்குத் தொடக் கூடாது என்பதால் யாரும் அதைப் போட்டுப் பார்க்கவும் விடவில்லை.

விடுமுறை முடிந்து நல்ல நேரத்தில் போட்டோம். கம்ப்யூட்டர் எழுந்தது. ஆங்கிலம் பேசியது. முக்கால்வாசி முடிந்த என் கேள்வித்தாள் மையச் சேமிப்பில் பத்திரமாக இருந்தது. கோப்பைத் திறந்து அம்புக்குறியை அழுத்தி அழுத்தி நகர்ந்தேன். ஒரு வரிகூட வாசிக்கவில்லை, அங்கங்கே கேள்வி எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனது. ஒன், டூ, த்ரீ. நடுவில் நான் எழுதியதெல்லாம் காற்று.

குரல் இல்லாமலே மிச்சத்தை அடித்துப் பார்த்தேன். விரலுக்கு எழுத்துகள் தெரியும். ஆனால் எந்த வரியில் நிற்கிறேன், எதன்மேல் எதை அடிக்கிறேன் என்று தெரியவில்லை. இலக்கணத் தாளில் ஓர் ஒற்று மாறினாலும் கேள்வியே தப்பு. அப்படியொரு தாளை என் பெயரில் கொடுப்பதைவிட நாண்டுகொள்ளலாம்.

மெக்கானிக் மேலே ஓடினார். பிரிண்டர் பாஸ்வேர்டை வைத்து அவர் செய்தது அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். "சாரி சார்" என்றார். "ஊட்ல ரெண்டு பொண்ணு படிச்சிக்கினு கீது சார்." அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

தேர்வுப் பிரிவுக்குப் போய், உங்கள் கண் முன்னாலேயே என் லேப்டாப்பில் அடித்துத் தருகிறேன், இணையத்தைத் துண்டித்துவிடுங்கள், முடிந்ததும் நீங்களே அழித்துக்கொள்ளுங்கள் என்றேன். விதியில் இடமில்லை. நான் சொல்லச் சொல்ல ஒருவர் தட்டச்சு செய்யட்டும் என்றேன். இன்னொருவர் பார்க்கக் கூடாதே சார் என்றார்கள். சட்டம் இருக்கிறது, எனக்கு வசதி செய்து தருவது உங்கள் கடமை என்று மேசையைத் தட்டினேன். "நிச்சயமா சார், டிக்கெட் போட்டிருக்கீங்கள்ல?" என்றார்கள்.

கடைசி நாளன்று துறைத்தலைவி என் மேஜைக்கு வந்தார். பூஜைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க ஏன் இவ்வளவு சிரமப்படணும்? பேப்பரை வேற ஒருத்தர்கிட்ட எடுக்கச் சொல்லிட்டேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

வேறு ஒருவர் என்றது பஜ்ஜிக் கிண்டல்காரரைத்தான். நல்ல வாத்தியார், நண்பர். அவர் எடுத்த தாளைத் தேர்வு முடிந்த பிறகு என் மனைவி வீட்டில் படித்துக் காட்டினாள். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே. பையன்கள் பேருந்தில் ஈஸியோ ஈஸி என்று கும்மாளம் போட்டார்கள். ஒருவன் முன்னால் வந்து என் தோளைத் தொட்டு, "தேங்க்ஸ் சார்" என்றான். நான் எடுத்ததாக நினைத்துவிட்டான் போலிருக்கிறது. எனக்கு அந்த இடத்திலேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் ஒரு செமஸ்டர் போயிற்று என்று தேற்றிக்கொண்டிருப்பேன். முக்கியப் பாடம் நடத்துகிறவர் அதற்குக் கேள்வித்தாள் எடுக்கக் கூடியவராக இருக்க வேண்டும் என்று ஒரு நடைமுறை இருக்கிறது. நான் எடுக்க முடியாதவன் ஆகிவிட்டேன். எனவே இலக்கணம் நண்பருக்குப் போனது. எனக்கு வாழ்வியல் விழுமியங்கள் என்று ஒரு வகுப்பு. அதற்குத் தேர்வு கிடையாது, கேள்வித்தாள் கிடையாது, தேறாதவர் யாரும் கிடையாது. "உங்களைவிடப் பொருத்தமானவர் யாரு சார்? நீங்க வந்து நின்னாலே பிள்ளைங்களுக்கு இன்ஸ்பிரேஷன்" என்றார் துறைத்தலைவி. மனசாரத்தான் சொன்னார். வீட்டில் மனைவியிடம் வேலையை விட்டுவிடவா என்று கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் தெரியாதவனுக்கு இன்னொரு வேலை எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

முதல் வகுப்பில் நான் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இலக்கண வகுப்பில் ஒரு நாளும் எனக்கு யாரும் கை தட்டியதில்லை, கொட்டாவிதான் விடுவார்கள். கை தட்டல் அடங்கும்வரை நின்றேன். நான் என்ன சாதித்தேன் என்று இவர்கள் தட்டுகிறார்கள்? மாடியேறி வந்ததற்கா? அந்த ஒரு மணி நேரம் எதைப் பேசினேன் என்றே நினைவில்லை. அன்றைக்குப் பேருந்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. "சார் பாவம்டா" என்று ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது.

பொங்கல் கழிந்து ஒரு காலை, மெக்கானிக் மூச்சிரைக்க வந்தார். சாய்தளத்தில் ஓடி வந்திருக்க வேண்டும், செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது.

"சார்! உங்க டிக்கெட்ட மேல ஓகே பண்ட்டாங்க சார்! ஒரேடியா ஸ்டாண்டர்டுலயே சேத்துக்கினாங்க. இனிமே ஆஃப் பண்ணா இன்னா, கடாசினா இன்னா, உங்காளு எங்கயும் போவாது!"

என்னை உட்கார வைத்து அவரே கம்ப்யூட்டரைப் போட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தார், துறையில் எல்லோரும் கேட்கட்டும் என்று. துறைத்தலைவி எழுந்து வந்தார். நண்பர் நாற்காலியைத் திருப்பினார். தமிழ்க் குரல் கணீரென்று வணக்கம் சொன்னது.

"சொல்லுங்க சார், எத்த படிக்கணும்? எத்த வோணா படிக்கும்."

என் இலக்கணக் கோப்புகளை எல்லாம், நான் பாதியில் விட்ட கேள்வித்தாள் உட்பட, பாடத்தோடு சேர்த்து நண்பர் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். என் கணக்கில் இருந்தது இந்தச் செமஸ்டரின் கால அட்டவணை மட்டும்தான். அதைத் திறந்தேன். குரல் நிறுத்தி நிதானமாக வாசித்தது. திங்கள், இலக்கணம், நண்பர் பெயர். செவ்வாய், இலக்கணம், நண்பர் பெயர். லகரம், ணகரம் எல்லாம் அவ்வளவு சுத்தம். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு வாழ்வியல் விழுமியங்கள், அதற்குப் பக்கத்தில் என் பெயர்.

"இன்னா சார், எப்டி படிக்குது பாத்தீங்களா?" என்றார் மெக்கானிக். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"நல்லா படிக்குதுங்க" என்றேன்.